சலூக்கியை அதன் அளவுகோலால் அளந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. பல வருடங்களாக ஷார்ஜாவில் இருக்கிறோம். நாடு திரும்பிய ஒரு குடும்பம், தாங்கள் வளர்த்த சலூக்கி என்ற அரபு நாட்டு வேட்டை நாயை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று வயதுப் பெண் நாய். பெயர் ரீம். எடை 19 கிலோ. எதை வைத்தாலும் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். விலா எலும்பும் இடுப்பெலும்பும் தெரிகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு, தட்டணுக்கள் குறைவு, சிவப்பணு விகிதம் அதிகம் என்று வந்திருக்கிறது. ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை கொடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர், இன்னும் தொடங்கவில்லை. அடுத்த மாதம் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்துவிடலாம் என்கிறார். வீட்டில் சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறாள். போன வாரம் ஒரு பூனையைப் பார்த்ததும் பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், "இது நம்ம ஊர் கன்னி நாய்தாம்மா, இதுக்கு எதுக்கு மாத்திரை?" என்கிறார். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஷார்ஜா

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

ஆய்வகம் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "இயல்பான அளவு" என்று ஓர் எல்லை அச்சிட்டிருக்கும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கலப்பின நாய் என்று பலவகை நாய்களை வைத்து வகுத்த எல்லை அது. கண்ணால் இரையைக் கண்டு, ஓடிப் பிடிக்கும் நாய்களுக்கு அது அப்படியே பொருந்தாது. கிரேஹவுண்ட், சலூக்கி, விப்பெட் போன்ற இனங்களில் ஆரோக்கியமான நாய்க்கே டி4 என்ற தைராய்டு சுரப்பு அந்த எல்லைக்குக் கீழே இருப்பது வழக்கம். சலூக்கிகளை மட்டுமே வைத்துச் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது. எனவே டி4 ஒன்றை மட்டும் பார்த்து ஒரு சலூக்கிக்குத் தைராய்டு நோய் என்று முடிவு கட்ட முடியாது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். சுரப்பு, இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற டி4 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், நாயைப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே தைராய்டு குறைந்த நாய் எடை போடும், சோர்ந்து கிடக்கும், உடலின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், தோலில் அடிக்கடி தொற்று வரும். பூனையைத் துரத்தித் தெருத்தெருவாக ஓடிய 19 கிலோ ரீமிடம் இவற்றில் ஒன்றுமே இல்லை. தேவையில்லாத நாய்க்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் இதயம் படபடக்கும், அமைதியின்மை வரும், இருக்கிற எடையும் குறையும். பரிசோதனையை மறுபடி செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நாய்க்கு வேறு நோய் இருக்கும்போதும், ஸ்டீராய்டு, சல்பா, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டால் போன்ற மருந்துகள் ஓடும்போதும் டி4 தானாகவே குறைந்து காட்டும்.

சிவப்பணு விகிதமும் அப்படித்தான். பொதுவாக நாய்களுக்கு 37 முதல் 55 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். கிரேஹவுண்டுக்கு 50 முதல் 65 வரை இருப்பது இயல்பு. சலூக்கியும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான். ஓட்டத்துக்குப் பிராணவாயு வேண்டும், அதைச் சுமக்கச் சிவப்பணு வேண்டும். இது தெரியாத இடத்தில் உடலில் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து டிரிப்ஸ் ஏற்றிவிடுவார்கள். இதயமும் உடல் எடைக்குச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து இதய வீக்கம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் சலூக்கிகளுக்கு இதய நோய் வருவதே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இந்த இனத்தில் முதுமையில் உயிரைப் பறிப்பவற்றில் புற்றுநோயும் இதய நோயும் முன்னால் நிற்கின்றன. சந்தேகம் வந்தால் இதய எக்கோ எடுங்கள். எக்ஸ்ரே அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். இந்த வகை நாய்களுக்கு அவை கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்புதான். ஆனால் வளைகுடாவில் உண்ணி உண்டு. உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோயிலும் முதலில் குறைவது தட்டணுதான். "இந்த இனத்துக்கு இது சகஜம்" என்று சொல்லி அதை விட்டுவிடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் எர்லிக்கியா பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ நாளைக்கே செய்யுங்கள்.

உங்கள் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. தாளில் உள்ள எண்ணைப் படித்துத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அவரிடமே போய், "சலூக்கிக்கான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அறுவை சிகிச்சையைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்து சலூக்கிக்கு ஆகாது. மற்ற நாய்களில் அந்த மருந்து கொழுப்புக்குள் போய்ப் பரவி, மூளையில் அதன் வேகம் சீக்கிரம் தணியும். இவற்றின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. கல்லீரலும் அதை மெதுவாகவே கழிக்கும். மற்ற நாய் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும் அளவு மருந்தில் இவை பல மணி நேரம் எழாமல் கிடக்கும், மூச்சும் தடுமாறும். புரோபோஃபால் அல்லது ஆல்ஃபாக்ஸலோன் கொடுத்து, பிறகு ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைப்பதுதான் சரியான வழி. மேசையில் கிடக்கும்போது கொழுப்பில்லாத உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். அதனால் வெப்பப் போர்வை வேண்டும், உடல் வெப்பத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். கிரேஹவுண்டுகளில் அறுவை முடிந்து ஓரிரு நாளில் தையல் இடத்தில் இரத்தம் கசிவது மற்ற இனங்களைவிட அதிகம். சலூக்கியையும் அதே கவனத்தோடு பார்ப்பது நல்லது. இரவு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மறுநாள் கட்டாயம் காட்டுங்கள். சூடு (இணை சேரும் பருவம்) வந்து ஓய்ந்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு கருத்தடை செய்வது நல்லது. அதனால் அடுத்த மாதமே செய்தாக வேண்டும் என்ற அவசரம் ஒன்றும் இல்லை.

இனி, "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்பவர்களுக்கு.

சலூக்கிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும், இடுப்பெலும்பின் இரு முனைகளும், முதுகெலும்பின் சில கணுக்களும் வெளியே தெரியத்தான் வேண்டும். அவை மூடிப்போகும் அளவுக்குச் சதை போட்டால் அந்த மெல்லிய கால்கள் சுமை தாங்காமல் சீக்கிரம் மூட்டு தேயும். மெலிவா நோயா என்று அறியக் கண்ணைவிடக் கை நம்பகமானது. பின்தொடையை ஒரு கையால் பற்றிப் பாருங்கள். தசை திரண்டு இறுகி இருந்தால் நாய் நன்றாக இருக்கிறது. தொடை குழிந்து, தலையுச்சியிலும் தோள்பட்டையிலும் தசை கரைந்து, முடி மங்கியிருந்தால்தான் கவலை. வயது வந்த சலூக்கி பெரும்பாலும் 18 முதல் 27 கிலோவுக்குள் இருக்கும். பெண் நாய்கள் கீழ்ப்பக்கம். உங்கள் 19 கிலோ எனக்குப் பயம் தரவில்லை. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இறங்கிக்கொண்டே போனால் பார்ப்போம்.

பாதித் தட்டோடு எழுவதும் இந்த இனத்தின் சுபாவமே. இவை வயிறு முட்டத் தின்னும் நாய்கள் அல்ல. ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகக் கொடுங்கள். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். கோழி, ஆட்டிறைச்சி, முட்டை, கொஞ்சம் சோறு, தயிர் எல்லாம் ஒத்துக்கொள்ளும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு வேண்டாம். ஆழமான மார்புள்ள நாய் என்பதால் சாப்பிட்ட உடனே ஓடவிட்டால் இரைப்பை திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஓட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இப்போது அவள் கூப்பிட்டால் வராத விஷயம். இதைப் புரிந்துகொள்ள, இந்த நாய் எந்த வேலைக்காக வளர்ந்தது என்று தெரிய வேண்டும். எனக்கு இந்த இனத்தின் மேல் உள்ள பிரியத்துக்கும் அதுவே காரணம்.

மோப்பம் பிடிக்கும் நாய் தரையை முகர்ந்துகொண்டே போகும்; வேட்டைக்காரன் பின்னால் நடந்து வரலாம். கண்ணால் வேட்டையாடும் நாயின் கதை வேறு. நீண்ட முகத்தின் இரு பக்கமும் அமைந்த கண்கள் சுமார் 270 டிகிரி வரை பார்க்கும். நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் ஒரு கிடைப்பட்டையாக அடர்ந்திருக்கும். தொடுவானத்தை ஒட்டி ஏதோ அசைந்தாலே போதும், அவை பிடித்துவிடும். பிறகு ஓட்டம். ஒவ்வொரு தாவலிலும் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டு எழும்பும். முதுகு வில்லாக வளைந்து நிமிரும். நேரான குறுகிய ஓட்டத்தில் கிரேஹவுண்ட் முந்தும். கரடுமுரடான நிலத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓட வேண்டுமென்றால் சலூக்கிதான். மான் வலப்பக்கம் திரும்புகிறது, மேட்டில் ஏறுகிறது, மணலில் சறுக்குகிறது. எசமான் ஒட்டகத்தின் மேல் எங்கோ தொலைவில் வருகிறார். அப்போது "இப்படி வா, அப்படிப் போ" என்று யார் சொல்வது? அந்த நாய் தானே முடிவெடுத்தாக வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்த நாயைத்தான் பாலைவன நாடோடிகளான பதூயின் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள். நீங்கள் கூப்பிடும்போது ரீம் திரும்பிப் பார்த்துவிட்டு நிற்கிறாளே, அது அடமும் இல்லை, அறிவுக்குறைவும் இல்லை. வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறாள்.

அந்த வேட்டையில் பல இடங்களில் வல்லூறும் சேர்ந்தே போகும். பறவை மேலிருந்து மானை அலைக்கழித்துத் தாமதப்படுத்தும். நாய் அதற்குள் எட்டிப் பிடிக்கும். நாய்களை வீட்டுக்குள் சேர்க்கத் தயங்கும் சமூகத்தில் சலூக்கிக்கு மட்டும் கூடாரத்துக்குள் இடம் உண்டு, கம்பளத்தில் படுக்கை உண்டு. பழக்கிய வேட்டை விலங்கு பிடித்த இரையை உண்ணலாம் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சுடுமணலில் பாதம் பொசுங்காமல் இருக்க நாயை ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். கால்களில் மருதாணி பூசுவார்கள். இதை விலைக்கு விற்பதைவிட மரியாதைக்குரியவருக்குப் பரிசாகக் கொடுப்பதையே பெருமையாக நினைத்தார்கள். சோபாவை விட்டு இறங்காததற்கு ரீமைத் திட்டாதீர்கள்! எலும்பும் மெல்லிய தோலுமாக இருக்கும் உடல் கடினத் தரையில் படுத்தால் முழங்கையில் புண் வரும், நீர் கோத்துக்கொள்ளும். சோபா வேண்டாமென்றால் அதே அளவு மெத்தென்ற படுக்கை ஒன்றை அவளுக்கென்று போட்டுக் கொடுங்கள்.

எவ்வளவு பழைய இனம் என்று பலரும் கேட்பார்கள். எகிப்து அரசன் துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த வண்ணப் பேழையில் அரசனின் தேரோடு ஓடும் ஒல்லியான வேட்டை நாய்களை வரைந்திருக்கிறார்கள். அது மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. சீனத்து மிங் பேரரசர் ஷுவாண்ட 1427-ல் தன் கையால் இரண்டு சலூக்கிகளை வரைந்தார். காதிலும் வாலிலும் தொங்கும் மயிரோடு இன்றைய நாய்களைப் போலவே இருக்கின்றன. இங்கிலாந்துக்கு 1895-ல் ஃப்ளோரன்ஸ் ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டி கொண்டுபோனார். முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே திரும்பிய படை அதிகாரிகளும் கொண்டுபோக, 1923-ல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுக் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. 2004-ல் 85 நாய் இனங்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வில், ஓநாய்க்கு நெருங்கிய பழைய கிளையில் வந்த 14 இனங்களுள் சலூக்கியும் ஒன்று. ஆனாலும் "உலகின் முதல் நாய் இனம்" என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. மரபணுவில் தனித்து நிற்பதற்குப் பழைமை மட்டும் காரணமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நாய் இனங்களை ஒன்றோடொன்று கலந்து புதிது புதிதாக உண்டாக்கியபோது, பாலைவனத்து நாய்கள் அந்தக் கலப்பில் சிக்காமல் ஒதுங்கி இருந்தன. அதுவும் அதே தனித்தன்மையைத் தரும்.

உங்கள் மாமனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் கண்ணில் குறை இல்லை. குட்டை மயிர்ச் சலூக்கியையும் நம் கரிசல் காட்டுக் கன்னியையும் சிப்பிப்பாறையையும் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்த நாயின் வழி என்ற பேச்சும் நம் பக்கம் உண்டு. உருவ ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகிவிடாது. மரம் அடராத திறந்த வெளியில், விரைந்தோடும் முயலையோ மானையோ துரத்த எந்த நாட்டில் நாய் வளர்த்தாலும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாகத்தான் அது உருவாகும். ரஷ்யாவின் போர்சோயும் அப்படி, கர்நாடகத்து முதோல் நாயும் அப்படி. மாத்திரை வேண்டாம் என்ற அவருடைய முடிவு பெரும்பாலும் சரியாக இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுச் சொல்வோம். தயோபென்டோன் பற்றி மேலே சொன்னதை அவர் ஊரில் கன்னியும் சிப்பிப்பாறையும் வளர்க்கும் நண்பர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள். அவற்றின் உடலிலும் கொழுப்பு மிகக் குறைவு. அதே எச்சரிக்கை அவற்றுக்கும் வேண்டும்.

கழுத்துப் பட்டைக்கு வருவோம். சலூக்கியின் தலை கழுத்தைவிடக் குறுகலானது. சாதாரண பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அகலமான துணியில் தைத்த, இழுக்கும்போது ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டின்கேல் பெல்ட் வாங்குங்கள். இந்த வகை நாய்களுக்காகவே செய்வது. மேலே ஜிபிஎஸ் கருவி ஒன்றும் மாட்டினால் நல்லது. திறந்த இடத்தில் லீஷை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். பூனை ஒன்று கண்ணில் பட்ட நொடியில் உங்கள் குரல் அவள் காதில் விழாது. எதிரே வரும் காரும் கண்ணில் படாது. சலூக்கிகள் அற்பாயுளில் சாவதற்குச் சாலை விபத்து ஒரு பெரிய காரணம். அமீரகத்தில் 2016-ல் வந்த சட்டப்படி பொது இடத்தில் லீஷ் கட்டாயம். நாய்க்கு உரிமமும் வேண்டும். ரீமின் மைக்ரோசிப்பும் உரிமமும் பழைய குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

லீஷோடு நடப்பது மட்டும் அவளுக்குப் போதாது. ஆறடிச் சுற்றுச்சுவர் உள்ள இடமாகப் பார்த்து வாரம் இரண்டு மூன்று முறையாவது மனம் போல ஓடவிடுங்கள். அதற்குக் குறைந்த சுவரை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடுவாள். அபுதாபியில் அல் தஃப்ரா திருவிழாவில் சலூக்கி ஓட்டப்பந்தயம் நடக்கிறது; ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். வீட்டில் சுருண்டு கிடக்கும் ரீம் உண்மையில் யார் என்று பிள்ளைகளுக்குப் புரியும். கோடையில் சூரியன் ஏறுவதற்கு முன்பும் இரவு வெகு நேரம் கழித்தும் மட்டுமே வெளியே கூட்டிப்போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவள் பாதமும் அதைத் தாங்காது. பாலைவன நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. குளிர்கால இரவில் அதே நாய்க்குப் போர்வையும் வேண்டும்.

பழக்குவதற்கு இறைச்சித் துண்டும் பொறுமையும் போதும். வீட்டுக்குள் இரண்டு மூன்று நிமிடம் கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கொடுத்து, அவள் சலிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். ஒருமுறைகூட அடிக்கவோ உரத்துத் திட்டவோ வேண்டாம். லேப்ரடார் மறந்துவிடும், சலூக்கி மறக்காது. உங்களிடம் வந்தது மூன்று வயதில். முன்பு வளர்த்தவர்களை அவள் இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். முதல் சில மாதம் ஒதுங்கியே இருந்தால் அது வெறுப்பல்ல. தானாக வந்து உங்கள் முழங்காலில் தலை சாய்க்கிற வரை காத்திருங்கள். காவல் நாயாக இருப்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்நியர் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

பிள்ளைகளுக்கு இரண்டே விதி போதும். அவள் படுக்கை அவளுடையது, அங்கே யாரும் ஏறக் கூடாது. தூங்கும்போது தொடக் கூடாது. பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். இந்த வகை நாய்கள் சில நேரம் அரைக்கண் திறந்தபடியே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் கட்டிப்பிடித்தால் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையை அவளோடு தனியாக விடாதீர்கள். முயல், கிளி போன்றவற்றை அந்த வீட்டில் வளர்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அறுவை சிகிச்சையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். டி4, கட்டற்ற டி4, டி.எஸ்.எச். மூன்றையும் ஒரே நாள் எடுத்த இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா பரிசோதனையும் அதோடு. முடிவுத் தாளையும், அவள் பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்றையும், கடைசியாகச் சூடு வந்த மாதத்தையும் எனக்கு எழுதுங்கள். பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றியும் அறுவையைப் பற்றியும் சொல்கிறேன்.